பெயரின் பின்பாதி

தம்பி மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலம் டீ குடிக்கும் நேரத்தில் அட்லஸைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். விரித்த பக்கத்தில் அண்டார்க்டிகா. நடுவில் வெறும் வெள்ளை. ஓரத்தைச் சுற்றி மட்டும் எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில் பெயர்கள்.

“பெரியப்பா, இங்க ஊரும் இல்ல, ஆளும் இல்ல. அப்புறம் இத்தனை பேரு யாரு வச்சது? யாரைக் கேட்டு வச்சாங்க?”

யாரைக் கேட்டு என்றாளே, அந்த இடத்தில்தான் அண்டார்க்டிகா மற்ற எல்லாக் கண்டங்களிலிருந்தும் பிரிகிறது. வேறு எந்தக் கண்டத்தின் கரையில் போய் இறங்கிய மாலுமிக்கும் கரையில் நிற்பவரிடம் “இது என்ன இடம்?” என்று கேட்க வழி இருந்தது. காதில் தப்பாக விழுந்திருக்கலாம், எழுதும்போது சிதைந்திருக்கலாம். ஆனாலும் அங்கே ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அண்டார்க்டிகாவில் கேட்க ஆளில்லை. அங்குள்ள ஒவ்வொரு பெயரும் கப்பலிலோ சறுக்குவண்டியிலோ விமானத்திலோ வெளியிலிருந்து போய்ச் சேர்ந்தது. அதனால் அந்தப் பெயர்களை வாசிக்க ஒரு முறை இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னேன்.

ஒவ்வொரு பெயரையும் இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். முன்பாதி பெரும்பாலும் ஓர் ஆளின் பெயராகவோ ஊரின் பெயராகவோ இருக்கும். பின்பாதி தீவு, முனை, விரிகுடா, கால்வாய், பனியாறு என்று இடத்தின் வகையைச் சொல்லும். நம் கண் முதலில் போவது முன்பாதிக்குத்தான். ஆனால் கதை இருப்பது பின்பாதியில். முன்பாதி, வைத்தவர் யாருக்கு நன்றி சொன்னார் என்று காட்டும். பின்பாதி, அவர் என்ன பார்த்தார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார், சரியாகப் பார்த்தாரா என்று காட்டும்.

ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். 1841 தொடக்கத்தில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ், ‘எரிபஸ்’, ‘டெரர்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களோடு மிதக்கும் பனிக்கட்டிகளைப் பிளந்துகொண்டு தெற்கே போனார். புகை கக்கும் ஓர் எரிமலையைக் கண்டார். அதற்கு எரிபஸ் என்றும், பக்கத்து மலைக்கு டெரர் என்றும் தன் கப்பல்களின் பெயர்களையே வைத்தார். அதன் மேற்கே கடல் உள்வாங்கியிருந்த இடத்துக்கு, டெரர் கப்பலின் அதிகாரி ஆர்ச்சிபால்ட் மக்மர்டோவின் பெயரால் ‘மக்மர்டோ விரிகுடா’ என்று பெயரிட்டார். விரிகுடா என்றால் மூன்று பக்கமும் நிலம். அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

அறுபது வருஷம் கழித்து, 1902இல், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஸ்காட்டின் ‘டிஸ்கவரி’ கப்பல் அதே இடத்துக்குப் போனது. ஆட்கள் இறங்கி நடந்து பார்த்தார்கள். எரிமலை நிற்பது கண்டத்தின் மேல் இல்லை, ஒரு தீவின் மேல். அப்படியானால் விரிகுடா என்று நினைத்தது, தீவுக்கும் கண்டத்துக்கும் நடுவே போகும் அகன்ற கடல்வழி. மாலுமிகள் அதை ‘சவுண்ட்’ என்பார்கள். ‘மக்மர்டோ விரிகுடா’ ‘மக்மர்டோ சவுண்ட்’ ஆயிற்று. அந்த அதிகாரியின் பெயர் அப்படியே நின்றது. வால் மட்டும் மாறியது.

“ராஸ் ஏன் தப்பாப் பார்த்தாரு? நல்ல மாலுமிதானே?” என்றாள்.

மிக நல்ல மாலுமி. அவருடைய காலத்தில் அவர் அளவுக்குத் துருவக் கடல் பார்த்தவர்கள் வெகு குறைவு. தவறு அவருடைய திறமையில் இல்லை. கப்பலிலிருந்து கரையை வரைவது எப்படி என்று தெரிந்தால் அது விளங்கும்.

டீத் தம்ளர் இரண்டையும் ஒரு முழ இடைவெளியில் வைத்தேன். சர்க்கரை டப்பாவை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினேன். டப்பாதான் கரையில் தெரியும் மலை. முதல் தம்ளர் இருக்கும் இடத்தில் கப்பல் நிற்கும்போது மலை எந்தத் திசைக்கோணத்தில் தெரிகிறது என்று அளந்து குறித்துக்கொள்வார்கள். கப்பல் நகர்ந்து இரண்டாவது தம்ளர் இருக்கும் இடத்துக்கு வந்ததும் மறுபடி அளப்பார்கள். தாளில் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் மலை இருக்கும் இடம். இப்படியே கரையோரமாகப் போய்க்கொண்டே முனைகளையும் சிகரங்களையும் ஒவ்வொன்றாகக் குறித்து, நடுவில் விட்டுப்போனதைக் கண்ணால் பார்த்துக் கோடு போட்டு இணைப்பார்கள்.

இந்த முறை சரியாக வர, தம்ளர்கள் இருக்கும் இடம் முதலில் சரியாகத் தெரிய வேண்டும். அட்சரேகையை நண்பகல் சூரியனின் உயரத்தைச் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து கண்டுபிடிக்கலாம். தீர்க்கரேகைக்குக் கடிகாரம் வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. 4 நிமிடத்துக்கு 1 பாகை. கிரீன்விச் நேரம் காட்டும் கப்பல் கடிகாரம் ஒரே ஒரு நிமிடம் பிசகினால் இடம் கால் பாகை பிசகும். 65 பாகை தெற்கில் கால் பாகை என்பது ஏறக்குறைய 12 கி.மீ. சூரியனே பல நாள் மூடுபனிக்குள் இருந்தால் அட்சரேகையும் கிடைக்காது. தென் காந்தத் துருவம் பக்கத்தில் இருக்கும் இடங்களில் திசைகாட்டியின் முள் எங்கே நிற்பது என்று தெரியாமல் தள்ளாடும். மிதக்கும் பனிக்கட்டிகள் கப்பலைக் கரையிலிருந்து பல கி.மீ. தள்ளியே நிறுத்திவிடும்.

இதற்கெல்லாம் மேலே காற்று வேறு. துருவக் காற்றில் தூசி இல்லை. நூறு கி.மீ.க்கு அப்பால் உள்ள மலை பக்கத்தில் நிற்பதுபோல் தெரியும். கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன் மேல் சற்று வெதுவெதுப்பான காற்றும் படிந்தால் ஒளி வளையும். தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருக்க வேண்டியது மேலே தூக்கித் தெரியும். 1840இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் வில்க்ஸ் கிழக்கு அண்டார்க்டிகாவின் ஓரமாக 2,000 கி.மீ.க்கும் மேல் போய் வரைபடம் வரைந்தார். அடுத்த வருஷம் ராஸ், நிலம் என்று வில்க்ஸ் குறித்திருந்த ஓரிடத்தின் மேலேயே கப்பலை ஓட்டிப் போனார். ஆழமான கடல்தான் இருந்தது. அதனால் வில்க்ஸுக்குப் பெரிய அவமானம். ஆனால் அதே ராஸ், பெரிய பனிச் சுவருக்கு அப்பால் ‘பாரி மலைத்தொடர்’ என்று ஒன்றை வரைந்தார். பின்னால் போனவர்களுக்கு அப்படி ஒரு மலைத்தொடர் அகப்படவே இல்லை. அந்தக் கடலில் ஏமாறாத கண் இல்லை. வில்க்ஸ் பார்த்ததில் பல இடங்கள் உண்மையான நிலம் என்று பிறகு உறுதியானது. இன்று அந்தப் பெரும்பகுதிக்குப் பெயர் வில்க்ஸ் நிலம்.

முன்பாதியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்றேன். 1831இல் ஜான் பிஸ்கோ என்ற மாலுமி, சீல் வேட்டைக்கு அனுப்பிய எண்டர்பி கம்பெனியின் பெயரைத் தான் பார்த்த கரைக்கு வைத்தார். மறுவருஷம் அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் கண்ட தீவுக்கு இங்கிலாந்து ராணி அடிலெய்டின் பெயர். பிரெஞ்சுக்காரர் துமோன் துர்வில் 1840இல் கண்ட நிலத்துக்குத் தன் மனைவி அடேலின் பெயரை வைத்தார். அந்தக் கரையின் வழியாகத்தான் அடேலி பென்குவினுக்கும் அந்தப் பெயர். 1898இல் பெல்ஜியத்தின் ‘பெல்ஜிகா’ கப்பல் போன வழியில் உள்ள தீவுகளுக்கு அன்வர், பிரபான்ட், லியேஜ் என்று பெல்ஜியத்தின் பெயர்கள். செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்த மாகாணங்களுக்குச் செய்த நன்றி அது. மெக்ராபர்ட்சன் நிலம் மெல்போர்னில் சாக்லேட் தயாரித்த ஒரு தொழிலதிபரின் பெயர். அவர் பணம் கொடுத்துத்தான் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மாசனால் 1929-31 பயணங்களை நடத்த முடிந்தது.

“அப்ப காசு கொடுத்தவங்க பேருதானா எல்லாம்?”

இல்லை. மாசனுடைய முந்தைய பயணத்தில் இரண்டு தோழர்கள் இறந்தார்கள். நின்னிஸ் 1912 டிசம்பரில் சறுக்குவண்டியோடும் நாய்களோடும் பனிப்பிளவுக்குள் விழுந்து மறைந்தார். மெர்ட்ஸ் அடுத்த மாதம் பசியிலும் நோயிலும் செத்துப்போனார். மாசன் தனியாகத் திரும்பி வந்தார். அவர்கள் கடந்த இரண்டு பெரிய பனியாறுகளுக்கும் இன்று நின்னிஸ் பனியாறு, மெர்ட்ஸ் பனியாறு என்று பெயர். அவர்களுக்கு அங்கே கல்லறை இல்லை. வரைபடம்தான் கல்லறை.

ஆளையோ ஊரையோ சொல்லாமல், அங்கே நடந்ததையே சொல்லும் முன்பாதியும் உண்டு. நார்டன்ஷெல்ட் என்ற சுவீடன்காரரின் குழு 1902இல் தீபகற்பத்தின் கிழக்கே ஸ்னோ ஹில் தீவில் குளிர்காலம் தங்கியது. அவர்களை அழைத்துப்போக ‘அண்டார்க்டிக்’ என்ற கப்பல் திரும்பி வந்தது. பனி வழிவிடவில்லை. ஆண்டர்சன், வரைபடக்காரர் டூஸ், மாலுமி குருண்டன் மூவரையும் ஒரு விரிகுடாவில் இறக்கிவிட்டார்கள், நடந்துபோய்ச் செய்தி சொல்ல. வழியில் கடற்பனி உருகிக் கிடந்ததால் மூவரும் இறங்கின இடத்துக்கே திரும்பினார்கள். கப்பலோ 1903 பிப்ரவரியில் பனி நசுக்கி மூழ்கிப்போனது. இது இரு தரப்புக்கும் தெரியாது. ஸ்னோ ஹில்லில் இருந்தவர்களுக்கும் தெரியாது, விரிகுடாவில் காத்திருந்த மூவருக்கும் தெரியாது. மூவரும் கல்லை அடுக்கி ஒரு குடிசை கட்டி, பென்குவினும் சீலும் தின்று, கொழுப்பை எரித்துக் குளிர்காய்ந்து அந்த இருட்டுக் குளிர்காலம் முழுவதும் உயிர் தப்பினார்கள்.

வசந்தம் வந்ததும் மறுபடி புறப்பட்டார்கள். அதே சமயம் நார்டன்ஷெல்டும் ஒரு துணையோடு சறுக்குவண்டியில் வடக்கே வரைபட வேலையாக வந்துகொண்டிருந்தார். 1903 அக்டோபர் 12 அன்று வேகா தீவின் வடகரையில், தூரத்தில் கன்னங்கரேல் என்று ஏதோ அசைவதைப் பார்த்தார். முதலில் மனிதர் என்றே தோன்றவில்லை. கொழுப்புப் புகை அப்படி முகத்தில் படிந்திருந்தது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நல்ல சந்திப்பு முனை’. மூவர் குளிர்காலம் கழித்த இடம் ‘நம்பிக்கை விரிகுடா’. இன்று அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அதற்கும் நம்பிக்கை என்றுதான் பொருள்.

அந்த நடையில்தான் நார்டன்ஷெல்ட் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். ராஸ் 1842-43இல் கிழக்கிலிருந்து மட்டும் பார்த்துச் சில முனைகளைக் குறித்துவிட்டுப் போன நிலம், கண்டத்தின் பகுதி இல்லை; பின்னால் ஒரு நீண்ட கால்வாய் அதைப் பிரிக்கிறது. அதற்கு ‘இளவரசர் குஸ்தாவ் கால்வாய்’ என்றும், தீவுக்கு ‘ஜேம்ஸ் ராஸ் தீவு’ என்றும் பெயரிட்டார். இந்தக் கால்வாயை நினைவில் வைத்துக்கொள், கடைசியில் திரும்ப வருவோம் என்றேன்.

கப்பல் பார்த்தது ஒரு பக்கம்தான். நடப்பவன் அதன் பின்னாலும் போய்ப் பார்ப்பான். அப்படியானால் விமானத்தில் போனால் எல்லாமே தெரிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஹியூபர்ட் வில்கின்ஸும் நினைத்தார்.

1928 டிசம்பர் 20. டிசெப்ஷன் தீவின் எரிமலைச் சாம்பலில் ஓடுபாதை அமைத்து, பென் ஐல்சன் ஓட்டிய லாக்ஹீட் வேகா விமானத்தில் வில்கின்ஸ் கிளம்பினார். தீபகற்பத்தைத் தாண்டி, 71 பாகை தெற்குவரை போய், ஒரே நாளில் திரும்பினார். சறுக்குவண்டியில் பல மாதம் ஆகும் தூரம் அது. ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து வரைந்தார், படம் எடுத்தார், பெயர் வைத்தார். விமான எஞ்சின் ஆயில் கொடுத்தவர்களுக்கு நன்றியாக ஒரு கடல் உள்வாய்க்கு ‘மொபிலாயில்’ என்று பெயர். இன்னோர் உள்வாயில் நாலு பனியாறுகள் ஒரே மையத்தை நோக்கி இறங்கின. தன் ‘வேர்ல்விண்ட்’ எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருப்பது நினைவுக்கு வந்து, அந்தப் பெயரையே வைத்தார். தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடல் மட்டத்தில் கால்வாய்கள் போவதையும் பார்த்தார். ஒன்றுக்கு ‘கேசி கால்வாய்’, இன்னும் தெற்கே இருந்த அகன்ற ஒன்றுக்கு ‘ஸ்டெஃபான்சன் நீரிணை’. ஆக, இது தீபகற்பமே இல்லை, தீவுக்கூட்டம் என்று அறிவித்தார். உலக வரைபடங்கள் அப்படியே மாற்றி வரையப்பட்டன.

மேலிருந்து பார்க்கும்போது வெள்ளைக்கு மேல் வெள்ளை. நிழல் இல்லாவிட்டால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டு மலைகளுக்கு நடுவே தட்டையாக, வழவழவென்று இறங்கும் பனியாறு, உறைந்த கடல்வழி போலவே தெரியும். கீழே இருக்கும் பனியின் உயரத்தை அளக்க அவரிடம் வழியில்லை.

1934இல் ஜான் ரைமில் தலைமையில் 16 பேர் கொண்ட பிரிட்டிஷ் குழு, நாய்களும் ஒரு சிறு விமானமும் எடுத்துக்கொண்டு போனது. கால்வாய் வழியாகச் சுலபமாகக் கிழக்குப் பக்கம் போய்விடலாம் என்று அந்த வரைபடத்தை நம்பித்தான் போனார்கள். கால்வாய் இல்லை. ரைமிலும் மருத்துவர் பிங்காமும் உயர்ந்த பனிமேட்டில் ஏறித்தான் கிழக்கே போக முடிந்தது. தீவுக்கூட்டம் மறுபடி தீபகற்பம் ஆயிற்று. கேசி கால்வாய் இன்றைய வரைபடத்தில் ‘கேசி பனியாறு’.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு பிழை திருத்தக் கதைதான். அதே குழு மேற்குப் பக்கத்தில் எதிர்பாராத ஒன்றைக் கண்டது. 1821இல் ரஷ்யாவின் பெலிங்ஸ்ஹவுசன் தூரத்திலிருந்து பார்த்து ‘முதலாம் அலெக்சாண்டர் நிலம்’ என்று பெயரிட்ட மலைகள் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கும் மேலாக எல்லோரும் அதைக் கண்டத்தின் பகுதி என்றே எண்ணியிருந்தார்கள். ரைமில் குழு அதற்கும் கண்டத்துக்கும் இடையே, பனி மூடிய ஒரு நீண்ட பள்ளத்தாக்கில் நாய்வண்டி ஓட்டிப் போனது. அது கடல், மேலே பனி மிதக்கிறது. அதற்கு ஆறாம் ஜார்ஜ் சவுண்ட் என்று பெயரிட்டார்கள். 1940இல் அமெரிக்கக் குழுவின் ஃபின் ரோனும் கார்ல் எக்லுண்டும் அதன் மறுமுனைவரை போய்ப் பார்த்த பிறகு ‘அலெக்சாண்டர் நிலம்’ ‘அலெக்சாண்டர் தீவு’ ஆனது. கால்வாய் என்று சத்தியம் செய்த இடத்தில் கால்வாய் இல்லை. நிலம் என்று யாரும் சந்தேகப்படாத இடத்தில் கடல் ஓடிக்கொண்டிருந்தது.

“பாவம் வில்கின்ஸ்,” என்றாள்.

பாவம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1910இல் தன் தகப்பனார் பெயரால் ‘ஷார்கோ நிலம்’ என்று ஒன்றைக் குறித்திருந்தார். 1929 டிசம்பரில் அதைச் சுற்றிலும் விமானத்தில் பறந்து, அது நிலமில்லை, தீவு என்று காட்டியவர் இதே வில்கின்ஸ்தான். கேசியில் தப்பிய கண் ஷார்கோவில் தப்பவில்லை. தவறாக வரைந்தவரை ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட்டால், அவர் சரியாகப் பார்த்ததையும் நாம் இழந்துவிடுவோம்.

அடுத்த டீயை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன். விமானத்தின் குறையை எப்படிச் சரிசெய்தார்கள் என்று கேட்டாள்.

வெறும் கண்ணை நம்பாமல், வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி படம் எடுத்தார்கள். நார்வேயின் திமிங்கல வேட்டைக் கம்பெனி முதலாளி லார்ஸ் கிறிஸ்டென்சன் 1936-37இல் அனுப்பிய பயணத்தில் கிழக்கு அண்டார்க்டிகாக் கரையைச் சுமார் 2,200 படங்களாக எடுத்தார்கள். அவர் மனைவி இங்கிரிடும் அந்தக் கரையின் மேல் பறந்தார். அங்கே ஒரு கடற்கரைக்கு அவர் பெயர். அந்தப் பயணத்தில் கப்பலில் இருந்த நான்கு பெண்களின் நினைவாகக் கடலுக்கடியில் உள்ள ஒரு மேட்டுக்கு ‘நான்கு பெண்கள் மேடு’ என்று பெயர். அதே இங்கிரிட் கிறிஸ்டென்சன் கரையில் லார்செமன் குன்றுகள் இருக்கின்றன; லார்ஸ் என்ற பெயரைச் செல்லமாகக் கூப்பிடும் வடிவம்தான் லார்செமன். 2012இல் இந்தியா தன் பாரதி ஆய்வு நிலையத்தைக் கட்டியது அந்தக் குன்றுகளில்தான். இன்னொரு நிலையமான மைத்ரி இருக்கும் ஷிர்மாக்கர் பாறைவெளி, 1938-39இல் அந்தப் பகுதியைப் படமெடுத்த ஜெர்மானியக் குழுவின் விமானி ஒருவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

படம் மட்டும் போதாது. ஆல்பத்தில் ஆயிரம் படம் இருந்தாலும் எது எந்த ஊரில் எடுத்தது என்று எழுதியிருக்காவிட்டால் பயணக் கதை சொல்ல முடியுமா? அதுபோல, படத்தில் தெரியும் ஏதாவது ஒரு பாறையின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரிந்தால்தான் அந்தப் படத்தை வரைபடத்தில் ஆணி அடித்து மாட்டலாம். ஜெர்மானியர்கள் 11,000க்கும் மேல் படம் எடுத்தும், தரையில் இப்படி அளந்த புள்ளிகள் இல்லாததால் அவர்களுடைய வரைபடத்தில் மலைகள் இடம் பிசகி நின்றன. 1946-47இல் அமெரிக்கா 13 கப்பலும் ஏறக்குறைய 4,700 பேரும் போன ‘ஹைஜம்ப்’ நடவடிக்கையில் சுமார் 70,000 படங்கள் எடுத்தது. கரையின் பெரும்பகுதி படத்தில் விழுந்தது. ஆனாலும் மறுவருஷமே ஹெலிகாப்டர்களோடு ஒரு சிறிய குழுவை அனுப்ப வேண்டியிருந்தது, பாறை பாறையாக இறங்கி அளந்து அந்தப் படங்களுக்கு ஆணி அடிக்க. வானத்திலிருந்து எவ்வளவு பார்த்தாலும் ஓர் ஆள் தரையில் கால் வைத்துச் சூரியனை அளந்தால்தான் வரைபடம் நிற்கும். 1970களில் செயற்கைக்கோள் வந்த பிறகுதான் இந்த வேலை மெதுவாக மாறியது. 1997இல் கனடாவின் ராடார்சாட், மேகத்தையும் இருட்டையும் ஊடுருவும் ரேடாரால் மூன்று வாரத்துக்குள் கண்டம் முழுவதையும் படமெடுத்தது.

படம் கூடக்கூடப் பெயர் இல்லாத மலைகளும் பனியாறுகளும் ஆயிரக்கணக்கில் தெரிந்தன. 1940களில் பிரிட்டனும் அமெரிக்காவும் பெயர்களுக்கென்றே குழுக்கள் அமைத்தன. பிரிட்டிஷ் குழு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பொருள் எடுத்துக்கொண்டது. அலெக்சாண்டர் தீவில் இசை மேதைகள்: பீத்தோவன், மொசார்ட், பாக். பிரபான்ட் தீவில் மருத்துவம் வளர்த்தவர்கள்: லிஸ்டர், இபின் சீனா. பிட் தீவுகளில் டிக்கன்ஸின் பிக்விக் நாவல் பாத்திரங்கள். கிரஹாம் கரையில் லிண்ட் பனியாறு, ஃபங்க் பனியாறு. ஜேம்ஸ் லிண்ட் 1747இல் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்து ஸ்கர்வி நோய் தீர்வதைக் கண்டவர். காசிமிர் ஃபங்க் வைட்டமின் என்ற சொல்லைத் தந்தவர். ஈறு அழுகிச் செத்த மாலுமிகளின் கடலுக்குப் பொருத்தமான முன்பாதிகள். அமெரிக்கக் குழு, வியாபாரப் பொருள்களின் பெயரும் சறுக்குவண்டி நாய்களின் பெயரும் இனி கூடாது என்று விதி வைத்தது. மொபிலாயில் உள்வாய்க்கு இன்று பெயர் வைப்பதாக இருந்தால் அந்தப் பெயர் கிடைத்திருக்காது.

முன்பாதியில் சண்டையும் உண்டு. தீபகற்பம் முழுவதற்கும் பிரிட்டிஷ் வரைபடத்தில் கிரஹாம் நிலம், அமெரிக்க வரைபடத்தில் பால்மர், சிலியில் ஓ’ஹிகின்ஸ் நிலம், அர்ஜென்டினாவில் சான் மார்ட்டின் நிலம். பெயர் வைப்பது உரிமை கோருவதற்கு அடையாளம் என்று ஒவ்வொரு நாடும் நினைத்தது. 1964இல் பிரிட்டனும் அமெரிக்காவும் உடன்பட்டன: முழுவதற்கும் ‘அண்டார்க்டிக் தீபகற்பம்’ என்று பொதுப்பெயர், வடபாதி கிரஹாம், தென்பாதி பால்மர். சிலியும் அர்ஜென்டினாவும் தங்கள் பெயர்களை விடவில்லை. 1961இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக் ஒப்பந்தம் யாருடைய உரிமைக் கோரிக்கையையும் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை, அப்படியே உறையவைத்தது. அதனால் பெயர் வைக்க ஒரே அதிகாரம் என்று எதுவும் இல்லை. 22 நாடுகளின் பெயர்களையும் அண்டார்க்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழு ஒரே பட்டியலில் சேர்த்து வைக்கிறது. அதில் 37,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. இடங்கள் அதில் பாதி அளவுதான்.

இங்கே கவனித்துப் பார் என்றேன். நாடுகள் முட்டிக்கொண்டது முன்பாதிக்காக மட்டும். அது தீபகற்பமா தீவுக்கூட்டமா என்பதில் இன்று நாலு நாட்டு வரைபடத்துக்கும் வேறுபாடில்லை. கால்வலிக்க நடந்து பார்த்த பிறகு பின்பாதியில் சண்டைக்கு இடமில்லை.

இதற்குள் அவள் தம்ளரில் டீ ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. விரலால் எடுக்கப் போனாள். இரு, இதைப் பார் என்றேன். ஆடையின் ஓரம் தம்ளரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுப்பகுதி டீயின் மேல் மிதக்கிறது. அண்டார்க்டிகாவின் கரை பல இடங்களில் இப்படித்தான். நிலத்திலிருந்து வழியும் பனி கடலுக்குள் நீண்டு, தரையை விட்டு எழும்பி, பல நூறு கி.மீ. மிதக்கும். ராஸ் பார்த்த பனிச் சுவர் இந்த மிதக்கும் பனித்தட்டின் விளிம்பு. வரைபடக்காரர் கரை என்று எதை வரைவார்? ஆடையின் விளிம்பையா, ஆடை தம்ளரைத் தொடும் இடத்தையா? அதனால்தான் நல்ல வரைபடங்களில் இரண்டு கோடும் இருக்கும்.

இப்போது அந்தக் கால்வாய்க்குத் திரும்பினேன். நார்டன்ஷெல்ட் 1903இல் ‘இளவரசர் குஸ்தாவ் கால்வாய்’ என்று எழுதினார் அல்லவா? அவர் போனபோது அதன் தென்பகுதி பனித்தட்டு. அதன் மேல் சறுக்குவண்டி ஓட்டித்தான் போனார். பனியின் அடியில் கடல் இருக்கிறது என்று அறிந்து கால்வாய் என்றார். பெயர் சரி, ஆனால் கப்பல் போக முடியாத கால்வாய். ஜேம்ஸ் ராஸ் தீவும் பனியால் கண்டத்தோடு ஒட்டியே இருந்தது. 1995இல் அந்தப் பனித்தட்டின் எஞ்சிய பகுதி நொறுங்கிப்போனது. அதே சமயம் தெற்கே லார்சன் ‘ஏ’ பனித்தட்டும் சிதைந்தது. 1997இல் ஒரு கப்பல் ஜேம்ஸ் ராஸ் தீவை முதன்முறையாக முழுச்சுற்றுச் சுற்றி வந்தது. 2002இல் லார்சன் ‘பி’யில் சுமார் 3,250 சதுர கி.மீ. சில வாரங்களுக்குள் உடைந்து சிதறியது.

அவள் பென்சிலை எடுத்து அந்தக் கால்வாயைத் தேடினாள். அட்லஸில் அதற்குப் பெயர் போட இடமில்லை. ஒரு மயிரிழை இடைவெளிதான் இருந்தது. பக்கத்தில் சின்னதாக எழுதினாள். எழுதிவிட்டு, “அப்ப இதுக்கு மட்டும் வால் மாறவே இல்லையே பெரியப்பா,” என்றாள்.

மாறவில்லை. மக்மர்டோ, கேசி, அலெக்சாண்டர், ஷார்கோ, இவற்றுக்கெல்லாம் இடம் அப்படியே இருந்தது. பார்த்தவர்களின் கண் திருந்தியது, அதனால் வால் மாறியது. யாராவது கிட்டப் போய்ப் பார்த்ததற்கு அந்த மாறிய வால்தான் சாட்சி. இளவரசர் குஸ்தாவ் கால்வாயில் பெயர் அப்படியே இருக்கிறது, இடம்தான் மாறிப்போனது. நார்டன்ஷெல்ட் சறுக்குவண்டியில் கடந்த இடத்தில் இன்று அலை அடிக்கிறது. இதைத் திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் ஆடையை எடுக்காமல் அப்படியே டீயைக் குடித்து முடித்தாள்.